சட்டை பறந்த பக்கம்

உன் காதோரத்தில் அந்த நீலம் இன்னும் இருக்கிறது. நேற்று உன் தங்கை மகள் கௌரி லேப்டாப்போடு வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து காட்டினாள். உங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய வீடியோ கேசட்டைச் சென்னையில் எங்கோ கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கியிருக்கிறாள். உனக்குப் பதினாறாம் நாள் வருகிறதே, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. போனில் எல்லாருக்கும் அனுப்புவதற்காக அதைச் சுருக்கியிருக்கிறாள். சுருக்கியதில் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. உடைந்ததெல்லாம் உன்னைச் சுற்றித்தான். பின்னால் இருக்கும் கடல் நன்றாக இருக்கிறது, கட்டடங்கள் நன்றாக இருக்கின்றன. உன் தலைமுடியை ஒட்டி மட்டும் நீலமும் சாம்பலுமாகச் சின்னச் சதுரங்கள் நெளிகின்றன.

"பாய் மாமா, இந்த ஓரத்த மட்டும் சரி பண்ணிடலாம். இப்போ அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் வந்துடுச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து எது முடி, எது துணின்னு சொன்னா போதும்" என்றாள்.

எது முடி, எது துணி. இந்தக் கேள்வியோடு நீயும் நானும் ஒரு கோடை முழுக்க மீஞ்சூர்க் கடையின் பின்னறையில் வெந்தோம். கௌரிக்குக் கதை தெரியும். அந்த அறையின் புழுக்கம் தெரியாது.

நீ தோணிரேவு, நான் பழவேற்காடு டவுன். பொன்னேரி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படிப்பு இரண்டு பேருக்கும் ஏறவில்லை. நீ ஏரிக்கு மீன்பிடிக்கப் போனாய், நான் அத்தாவின் கடையில் மண்ணெண்ணெய் அளந்தேன். எண்பதுகளின் கடைசியில் மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் வீடியோ கடை போட்டேன். அப்போதெல்லாம் கல்யாண கேசட் இல்லாமல் கல்யாணம் முடிந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. என் கடைக்கு மட்டும் ஒரு கூடுதல் பெருமை உண்டு. பின்னறைச் சுவர் முழுக்க நீலத்துணி. அதற்கு முன்னால் ஜோடியை நிற்கவைத்தால், என்னிடம் இருந்த வீடியோ மிக்சர் மெஷின் அந்த நீலத்தை எடுத்துவிட்டு அங்கே தாஜ்மகாலை வைக்கும், இல்லையென்றால் காஷ்மீர்ப் பனியை வைக்கும். ஏரி தாண்டாத பெண்ணும் மாப்பிள்ளையும் பனியில் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மிக்சருக்கு ஒரு நோய் இருந்தது. முடி, காது, விரல் என்று மெலிசாக எது வந்தாலும் அதற்குத் தடுமாற்றம். ஓரத்தில் நீலமாக ஒரு கோடு நின்றுவிடும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்ற ஏற்ற நிறம் பக்கவாட்டில் கசிந்து, கோடு தடித்து, ரம்பப் பல்லாகி, ஆளைச் சுற்றி எறும்பு ஊர்வது போல ஊரும். ஊர்க்காரர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'பாய் கடை சரிகை' என்று. "இன்னா பாய், பொண்ணு தலைக்கு சரிகை கொஞ்சம் தூக்கலா கீதே" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஏரியைச் சுற்றியிருந்த எந்த ஊரிலும் அந்தச் சரிகையைப் பார்த்தால் இது மீஞ்சூர் பின்னறை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அது உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நாமே பயப்படுவோம் என்று அப்போது யார் கண்டது.

நீ பம்பாய்க்கு ரயிலேறியபோது ஊரே வழியனுப்பியது. அங்கிருந்து துபாய் என்று ஏற்பாடு. அந்த ஏஜெண்ட் உங்களை ஒரு லாட்ஜில் அடைத்துவைத்து, இன்று நாளை என்று இழுத்து, ஒரு காலையில் ஆபீசையே காலி செய்துவிட்டுப் போய்விட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு யாரோ கடைக்குள் வந்து நேராகப் பின்னறைக்குப் போனார்கள். திருடன் என்று நினைத்து கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். நீ நீலத்துணிக்குக் கீழே குந்தியிருந்தாய். பாதி ஆளாகியிருந்தாய்.

"பாய், நான் துபாய்லதான் கீறேன். அப்டியே வச்சிக்கோ" என்றாய்.

உடனே ஊருக்குப் போடா என்றுதான் சொன்னேன். நீ, வரும்போது ரயிலில் உங்கள் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்ட செல்வியின் கல்யாணத்தைச் சொன்னாய். நீ கிளம்பிய பிறகுதான் உன் தங்கைக்கு அக்கரையில் நல்ல இடமாக அமைந்திருந்தது. அண்ணன் துபாயில் இருக்கிறான் என்றதும்தான் மாப்பிள்ளையின் அம்மா தட்டை மாற்றச் சம்மதித்தாளாம். இந்த நேரத்தில் நீ கையை வீசிக்கொண்டு தோணிரேவில் இறங்கினால் தட்டு திரும்பிப் போய்விடும் என்று பயந்தாய். கல்யாணம் முடியும் வரைதான், அப்புறம் நானே போய் நைனா காலில் விழுகிறேன் என்றாய். உன் அப்பாவை நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சரி, சில வாரம்தானே என்று நானும் விட்டேன்.

ஒளிந்துகொள்ள நீ பிடித்த இடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் கருவாட்டுக் கூடையோடு ரயிலுக்கு நிற்கும் ஸ்டேஷன் அது. பாதிப் பேர் என் கடை நிழலில்தான் உட்காருவார்கள். உனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு திரைதான். குரலை வைத்தே இவள் இன்னார் பெண்டாட்டி, இவள் இன்னார் மகள் என்று உனக்குத் தெரியும். நீ தும்மக் கூடாது, இருமக் கூடாது. ஜன்னலுக்கு ஏற்கெனவே நான் ஆணியடித்துக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தேன். பகல் எது, சாயங்காலம் எது என்று நீ ரயில் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாய். படுத்தால் நீலம், எழுந்தால் நீலம். "கண்ண மூடினாலும் அதேதான் தெரியுது பாய், ஏரி கூட இவ்ளோ நீலமா இருந்து நான் பாத்ததில்ல" என்று ஒருமுறை சொன்னாய். நான் கிண்டலாக ஏதோ சொல்லப்போய், உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் உன் அம்மாவே வந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "பாய், எம் புள்ளகிட்ட இருந்து சேதி எதுனா வந்துச்சா? உனக்குத்தான் அங்க போற வர்றவங்க பழக்கமாச்சே. மாப்ள வூட்ல கேக்கறாங்க. எனக்கும் மொகத்த பாக்கணும்னு கீது" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் எழுந்து போன பிறகு உள்ளே வந்தேன். நீ துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அப்படித்தான் அந்தக் கேசட் எடுக்கத் துணிந்தோம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு வாடிக்கைக்காரர் கொடுத்துவைத்திருந்த கேசட்டில் கடலோரச் சாலை இருந்தது. ஈச்சமரம், உயரக் கட்டடம், வரிசையாகக் கம்பங்களில் கொடி. கொடிகள் எல்லாம் டிவியில் வலது பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. உன்னை அதற்கு முன்னால் நிற்கவைக்க வேண்டும், சரிகை இல்லாமல். சரிகை தெரிந்தால் செல்வியின் கல்யாணம் போச்சு.

எத்தனை விதமாகப் பார்த்தோம். உன்னைத் துணியிலிருந்து தள்ளி, கேமராவில் மூக்கு இடிக்காத குறையாக நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை நீலத்தை வாங்கியது, கழற்றச் சொல்லி மெரூன் சட்டை கொடுத்தேன். தலைக்குப் பின்னால் ஒரு லைட்டைத் தொங்கவிட்டு மஞ்சள் தாள் கட்டினேன். மஞ்சள் பட்டால் நீலம் செத்துவிடும், முடியோரம் கொஞ்சம் அடங்கும். பறக்கிற முடி ஒவ்வொன்றும் எனக்கு எதிரி. தேங்காயெண்ணெய் வைத்து வழித்துச் சீவிவிட்டேன். துபாய்க்காரன் இப்படியா எண்ணெய் வழிய நிற்பான் என்று நீ கேட்டாய், அதுவும் நியாயம்தான், பாதியைத் துடைத்தேன். கேமராக் கண்ணாடிக்கு மேல் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி ஓரத்தை மழுப்பினேன். ஒரு கேசட்டில் எடுத்து இன்னொன்றில் ஏற்றினால் நிறம் கசியும் என்று, நீ நிற்கும்போதே நேராக மிக்சருக்குள் விட்டுப் பதிந்தேன். அந்த அறையில் லைட் போட்டால் மூச்சு முட்டும். நீ உருகி நிற்பாய், நான் டிவிக்கு முன் மண்டியிட்டு உன் காதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் காதோரம் மயிரிழை அளவுக்கு நீலம். மற்றபடி நீ துபாயில் நின்றாய்.

அப்போது நீ, "காத்து வேணும் பாய்" என்றாய்.

"எண்ண வச்சு படிய வச்சது மறுபடி பறக்கும்டா. ஓரம் கெட்டுடும்."

"கொடி அப்டி ஆடுது, எஞ் சட்ட அசையவே இல்லன்னா எங்க ஊர்ல நம்புவானுங்களா?"

சரியாகத்தான் பட்டது. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, முடியில் படாமல் சட்டைக்கு மட்டும் படுவது போலத் தாழ்வாக வைத்தேன், கொடி பறக்கும் பக்கமே சட்டையும் பறக்கிற மாதிரி. நீ வந்து டிவியைக் கொஞ்சநேரம் பார்த்தாய். பிறகு ஃபேனைத் தூக்கி மறுபக்கம் வைத்தாய். அந்தப் பக்கம் லைட் சூடு தாங்கவில்லை என்றாய். நான் என்னத்தைக் கண்டேன். எனக்கு உன் காது மட்டும்தான் கண்ணில் நின்றது. மெரூன் சட்டை படபடக்க, அம்மா நல்லா கீறேன், செல்வி கல்யாணத்த ஜோரா பண்ணுங்க, லீவு கெடைக்கல என்று நீ பேசி முடித்தாய்.

உங்கள் வீட்டு வாசலில் டிவியும் டெக்கும் வைத்து, துபாயிலிருந்து வந்த ஒருவர் கொடுத்தனுப்பினார் என்று சொல்லிப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட சரிகை என்று சொல்லவில்லை. உன் அம்மா எழுந்துபோய் டிவிக் கண்ணாடியில் உன் கன்னத்தைத் தொட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, "நல்லா சதை போட்டுக்கீறாரு" என்றாள். அறையிலேயே அடைந்துகிடந்து உப்பியிருந்தாய், அது சதையாகிவிட்டது.

நைனா மட்டும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். என்ஜின் வராத காலத்திலிருந்து காற்றை நம்பியே படகு விட்டவர். "இன்னொரு வாட்டி போடு பாய்" என்றார். போட்டேன். பார்த்தார். "கடலாண்டதான் நிக்கிறானா?" என்றார். ஆமாம் நைனா என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான்தான் வீடியோ எடுத்தேன். அதை உனக்குப் பின்னறையில் போட்டுக் காட்டினேன். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வரும் இடத்தில் உன் பெரியப்பா மகன் வந்தான். நீ அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாய். செல்வி அந்த நேரம் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் யாரையோ தேடுகிறாள். அதோடு நீ வெளியே வந்திருக்க வேண்டும். பேச்சு அப்படித்தானே? இன்னும் கொஞ்சநாள் என்றாய். மறுவீடு முடியட்டும், ஆடி போகட்டும். அறைக்குக் கதவுகூடக் கிடையாது, ஒரு திரைதான். ஆனாலும் உன்னால் விலக்க முடியவில்லை. வெளியே துபாயில் ஒருத்தன் உன் பெயரில் நின்றுகொண்டிருந்தானே, அவன் உன்னை விடவில்லை.

அப்படி ஒரு காலையில்தான் நைனா வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து கொண்டார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார்.

"கேசட்டு நல்லா இருந்துச்சு பாய். உன் சரிக கூட தெரியல" என்றார். "காத்துதான் ஒத்துவரல. கொடி எல்லாம் ஒரு பக்கம் போது, எம் புள்ள சட்ட வேற பக்கம் போது. அவனுக்குக் காத்து தெரியாதா? நடக்கறதுக்கு முந்தியே படகுல உக்காந்தவன்."

பிறகு திரையைப் பார்த்துப் பேசினார். கத்தவில்லை, வீட்டில் பேசுவது போலத்தான். ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்று ஊர் முறைவைத்துப் பிரிக்கிற 'பாடு' என்ற ஏற்பாட்டில் உனக்கும் ஓர் இடம் இருந்ததல்லவா, அதைச் சொன்னார். "பாட்டுல அவன் எடத்த ஊர்ல கேட்டாங்க. வெளிநாட்டுல கீறவனுக்கு எதுக்குன்னாங்க. நான் வுட்டுக் குடுக்கல. அப்டியே கீது. எப்போ வேணா வந்து எறங்கிக்கலாம்."

திரை தரையைத் தொடாது. அடியில் உன் கால் விரல்கள் தெரிந்தன. நான் பார்த்தேன், நைனாவும் பார்த்தார். ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தரையை அழுத்திக்கொண்டு நின்றன, ஓர் அடி முன்னால் வரவில்லை. பிறகு எழுந்து, "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்து உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உனக்கு நினைவிருக்கும்.

"ஃபேன வேணும்னுதானே திருப்புன?"

"ஊருக்குப் பொய் சொல்லிக்கலாம் பாய். நைனாவுக்கு சொல்ல வரல."

"அப்போ வர வேண்டியதுதானேடா. அவரே வந்து கூப்ட்டாரே."

"செல்வி அங்க போயி எவ்ளோ நாளாச்சு? இப்போ நான் வெளிய வந்தா அவ மாமியா வாய்ல வுழுந்து எழுந்திருக்க முடியுமா?"

உன்னை அடிக்கத்தான் கை வந்தது. அடித்திருந்தால் ஒருவேளை அழுது, அந்த வேகத்தில் திரையை விலக்கியிருப்பாயோ என்னவோ.

சில நாள் கழித்து நான் பழவேற்காட்டுக்குப் போய்த் திரும்பியபோது அறை காலி. நீலத்துணியைத் துவைத்து மடித்து வைத்திருந்தாய். பம்பாய் ரயிலைத்தான் பிடித்திருப்பாய் என்று தெரிந்தது. அங்கே உன்னை எந்த முகவரியில் தேட?

அந்த வாரமே நைனா மறுபடி வந்தார். தனியாக வரவில்லை, மாப்பிள்ளையோடு வந்தார். நைனா நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பொழுது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு, "ஏமாந்தவனப் போய் ஏன் ஒளிச்சி வக்கிறீங்க, கூட்டினு வாங்க" என்றாளாம். கல்யாணத்தில் மைத்துனனுக்குக் கொடுக்க வேண்டிய வேட்டி சட்டையை மாப்பிள்ளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். "மச்சான் எங்க பாய்?" என்றார் சிரித்துக்கொண்டே. நான் திரையை விலக்கிக் காட்டினேன். நைனா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். திரும்பும்போது அந்தப் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

நீ உண்மையாகவே துபாய்க்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எனக்குப் போன் செய்தபோது நைனா இல்லை. பாட்டில் உன் இடமும் வேறு ஆளுக்குப் போயிருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன், எல்லாருக்கும் தெரியும்டா, கிளம்பி வா என்றேன். "இப்போ வந்து நான் யாரா வர்றது பாய்?" என்றாய்.

அதற்குப் பிறகு நீ லீவில் வந்தது எல்லாம் விருந்தாளியாகத்தான். சென்ட், சோப்பு, கௌரிக்குப் பொம்மை. உனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் துபாய்க்காரரிடம் பேசுவது போலவே உன்னிடம் பேசினார்கள். ஒருமுறைகூட நீ படகில் கால் வைக்கவில்லை. அங்கே நீ இருந்த அறையைப் பற்றி ஒருநாள் சொன்னாய். கட்டிலுக்கு மேல் கட்டில், ஜன்னல் கிடையாது, "உன் பின்னறையே தேவலாம் பாய்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பெட்டியில் வந்து இறங்கினாயே, அன்றைக்கும் அழுகைக்கு முன்னால் அதுதான் வந்தது.

படம் என்று எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஆளின் ஓரத்தில்தான் கண் போகிறது. கல்யாணப் போட்டோ, ஓட்டு கேட்கிற போஸ்டர் எதுவானாலும் அப்படித்தான். அடுத்தபடி காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். ஒன்று என் தொழில், மற்றது நீ கொடுத்துவிட்டுப் போனது.

கௌரி காத்துக்கொண்டிருந்தாள். உன் காதைப் பெரிதாக்கித் திரை முழுக்க வைத்திருந்தாள். முடியும் சதுரமுமாகக் கலங்கிக் கிடந்தது. அன்றைக்கு நான் உயிரைக் கொடுத்து மறைத்த மயிரிழை, இத்தனை காலம் கழித்து உடைந்து பெரிதாகி வெளியே வந்துவிட்டது.

"எது முடி மாமா, எது துணி?" என்றாள்.

"இதுல கடல் அவன் பாத்த கடல் இல்ல. ரோடு அவன் நடந்த ரோடு இல்ல. இந்த நீலம் மட்டும் எங்க கடைத் துணிம்மா. அவன் நின்னது அங்கதான். வுட்டுடு" என்றேன்.

அவள் படத்தை ஓடவிட்டாள். கொடிகள் வலது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. உன் சட்டை இந்தப் பக்கம், நைனா பார்க்கட்டும் என்று நீ திருப்பிவிட்ட பக்கம் பறந்துகொண்டிருந்தது.